கேளுங்க, கலக்கிப் பார்ப்போம்: இந்த தடவை முழுக்க பஃபர்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதும்போது "நம்ம ரத்தமே ஒரு பஃபர்தான்"னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளை படிச்சு முடிக்கவே ரெண்டு ராத்திரி ஆச்சு. பாதி பேர் பிளஸ் டூ, காலேஜ் பசங்க, மீதி பேர் மீன் தொட்டி வச்சிருக்கவங்க, லேப்ல வேலை பாக்கறவங்க, அப்புறம் "ஆல்கலைன் வாட்டர் குடிக்கலாமா"ன்னு கேட்டவங்க மட்டும் தனியா ஒரு கட்டு. சரி, இந்த தடவை வேற எதையும் தொடாம இதை மட்டும் பேசுவோம். பஃபர்ன்னா புக்ல வர்ற தாங்கல் கரைசல்; பிஎச்ன்னா அமிலமா காரமான்னு சொல்ற நம்பர், 7 நடுநிலை, கீழ போனா அமிலம், மேல போனா காரம்.

கேள்வி: புக்ல "சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் பிஎச் மாறாமல் தடுக்கும் கரைசல் தாங்கல் கரைசல்"னு இருக்கு. மனப்பாடம் பண்ணிட்டேன், மார்க்கும் வாங்கிடுவேன். ஆனா தடுக்குதுன்னா எப்படி சார் தடுக்குது? ஊத்தின ஆசிட் எங்க போய் ஒளிஞ்சுக்குது? (பிளஸ் டூ மாணவி)

மார்க் வாங்கின அப்புறமும் சந்தேகம் வருது பாரு, அதுக்கே உனக்கு தனியா மார்க் போடணும்மா. முதல்ல அந்த புக் வரியில ஒரு சின்ன திருத்தம்: "மாறாமல்" இல்ல, "ரொம்ப கொஞ்சமா மாறுற மாதிரி". மாறத்தான் செய்யும். எவ்ளோ மாறும்னு கணக்கு போட்டுப் பாத்தாதான் இதுல இருக்கற வித்தையே புரியும், அதனால நோட்டும் பேனாவும் எடுத்துக்கோ.

ஆசிட்ல ரெண்டு ரகம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மாதிரி ஆளு ஊதாரி, தண்ணியில போட்ட உடனே தன்கிட்ட இருக்கற புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி, அத்தனையும் தூக்கி குடுத்துட்டு கைய உதறிட்டு நிப்பான். அசிட்டிக் ஆசிட் சரியான கஞ்சன். லிட்டருக்கு 0.1 மோல் போட்டேன்னா அதுல ஆயிரம் மூலக்கூறுக்கு வெறும் 13தான் புரோட்டானை விடும், மீதி 987ம் முடிச்சு போட்டு மடியில வச்சுக்கும். இதைத்தான் வீக் ஆசிட்ங்கறோம். இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, குடுக்க மனசில்லாதவன் கையில இருந்து போனது திரும்ப கிடைச்சா விடுவானா? புரோட்டானை இழந்த அந்த அசிட்டேட் அயனி, எங்கயாவது தனியா ஒரு புரோட்டான் அலையறதைப் பாத்தா லபக்குன்னு புடிச்சுக்கும். குளோரைடு அப்படி இல்ல, அது பாட்டுக்கு திரியும், புரோட்டான் பக்கமே திரும்பாது.

இப்ப ஒரு லிட்டர் தண்ணியில 0.1 மோல் அசிட்டிக் ஆசிட், 0.1 மோல் சோடியம் அசிட்டேட் ரெண்டையும் போடு. கஞ்சனும் இருக்கான், புரோட்டானுக்கு ஏங்கிட்டு இருக்கற அசிட்டேட்டும் கூட்டமா இருக்கு. இதோட பிஎச் 4.76. அதாவது தனியா சுத்திட்டு இருக்கற ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு சுமார் 0.000017 மோல், அவ்ளோதான். ஆனா உள்ள இருப்புல இருக்கறது 0.1 மோல், கையில இருக்கற சில்லறைய விட கிட்டத்தட்ட ஆறாயிரம் மடங்கு.

அதுல 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ஒரே ஒரு மில்லி ஊத்து. 0.001 மோல் புரோட்டான் உள்ள போகுது. ஏற்கனவே தனியா இருந்ததை விட இது 58 மடங்கு அதிகம்! ஆனா வந்தது வந்த வேகத்துல அசிட்டேட் புடிச்சுக்குது. அசிட்டேட் 0.1ல இருந்து 0.099 ஆகுது, அசிட்டிக் ஆசிட் 0.101 ஆகுது. பிஎச்சை முடிவு பண்றது இந்த ரெண்டுத்தோட விகிதம்தான், விகிதம் ஒண்ணுல இருந்து 0.98 ஆச்சு, லாக் எடுத்தா மைனஸ் 0.009. பிஎச் 4.76 இருந்தது 4.75 ஆச்சு. தனி புரோட்டான் எண்ணிக்கை 2 சதவீதம் கூடிச்சு, கதை முடிஞ்சது.

அதே ஒரு மில்லிய ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில ஊத்தினா? பிஎச் 7ல இருந்து 3க்கு விழும். புரோட்டான் அளவு பத்தாயிரம் மடங்கு. அங்க புடிக்க ஆள் இல்ல, அதான் வித்தியாசம்.

ஆக உன் கேள்விக்கு நேர் பதில்: ஆசிட் ஒளியலை, ஆள் மாறிடுச்சு. ஊதாரி ஆசிட்டை உள்ள விட்டா அது கஞ்சன் ஆசிட்டா மாறி நிக்குது. காரம் ஊத்தினா இதே கதை தலைகீழா நடக்கும், ஹைட்ராக்சைடு வந்து அசிட்டிக் ஆசிட் மடியில இருக்கற புரோட்டானை புடுங்கி தண்ணியாயிடும், அசிட்டேட் ஒண்ணு கூடும்.

சில பேர் பஃபரை ஸ்பாஞ்ச் மாதிரின்னு சொல்லிக் குடுக்கறாங்க, எனக்கு அந்த உவமை புடிக்காது. ஸ்பாஞ்ச் தண்ணிய தண்ணியாவே வச்சிருக்கும், பிழிஞ்சா அப்படியே வந்துடும். இங்க ஒரு வேதிவினை நடந்து பொருளே மாறுது. ஆனா ஒரு விஷயத்துல ஸ்பாஞ்ச் சரி, ரொம்பினா ரொம்பினதுதான். அதே பஃபர்ல 10 மில்லி ஊத்திப் பாரு, விகிதம் 0.09க்கு 0.11, பிஎச் 4.67. இன்னும் தாங்குது. 100 மில்லி ஊத்து, 0.1 மோல் அசிட்டேட்டும் காலி, பிஎச் 2.75 பக்கம் போய் விழும். புக்ல "சிறிதளவு"ன்னு ஒரு வார்த்தை இருக்கே, எல்லாரும் அதை சும்மா ஒரு அலங்காரமா நினைச்சு தாண்டிப் போயிடறாங்க, உண்மையில அந்த வரியோட உயிரே அதுலதான் இருக்கு. எவ்ளோ சிறிதுங்கறது நீ எத்தனை மோல் போட்டிருக்கேங்கறதை பொறுத்தது. அதைத்தான் பஃபர் கெப்பாசிட்டிங்கறது, தாங்கல் திறன்.

கேள்வி: அப்படின்னா ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் அதோட உப்பு சோடியம் குளோரைடும் கலந்தா ஏன் பஃபர் ஆகாது?

இதுவும் அதே பொண்ணு கேட்டதுதான். மேலயே பதில் இருக்கு, குளோரைடு புரோட்டானை புடிக்காது. ஜோடியில ஒருத்தருக்கு வாங்கத் தெரியணும், இன்னொருத்தருக்கு குடுக்கத் தெரியணும்.

ஆனா ஒரு குறும்பு சொல்றேன், உங்க சார்கிட்ட கேட்டுப் பாரு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு லிட்டர் வச்சுக்கிட்டு அதுல அதே 1 மோலார் ஆசிட் ஒரு மில்லி ஊத்தினா பிஎச் எவ்ளோ மாறும்? ஒண்ணுமே இல்ல, 0.004தான், நம்ம அசிட்டேட் பஃபரை விட கம்மி! ஏற்கனவே புரோட்டான் கடலா கிடக்கு, அதுல ஒரு குவளை சேர்ந்தா என்ன தெரியப் போகுது. தாங்கற குணம் அங்கயும் இருக்கு, ஆனா பிஎச் 1, 2 அந்த மூலையில மட்டும்தான், நமக்கு வேண்டிய இடத்துல இல்ல. கொஞ்சம் தண்ணி ஊத்தி நீர்த்துப் போக விட்டாலும் போச்சு, அதோட பிஎச் உடனே ஏறும். நிஜ பஃபர் பத்து மடங்கு நீர்த்தாலும் பெருசா அசையாது, ஏன்னா ரெண்டுமே சமமா குறையுது, விகிதம் அப்படியே நிக்குது. திறன்தான் பத்துல ஒண்ணாயிடும்.

கேள்வி: 10ன் அடுக்கு மைனஸ் 8 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டோட பிஎச் 8னு எழுதினேன், தப்புன்னுட்டாங்க. ஃபார்முலா அப்படித்தானே சொல்லுது? (நுழைவுத்தேர்வுக்கு படிக்கிறவர்)

ஒரு நிமிஷம் ஃபார்முலாவை மூடி வச்சுட்டு யோசிங்க. தண்ணியில ஆசிட் ஊத்தி அது காரமாச்சுன்னா உலகத்துல எங்கயாவது நடக்குமா? தண்ணியே தன்னால உடைஞ்சு 10ன் அடுக்கு மைனஸ் 7 குடுக்குது, நீங்க போட்ட ஆசிட் அதுல பத்துல ஒரு பங்கு. கூட்டாம விட்டதுதான் தப்பு. அதுக்காக ரெண்டையும் நேரா கூட்டவும் கூடாது, ஆசிட் வந்ததும் தண்ணி உடையறது கொஞ்சம் குறையும். இருபடிச் சமன்பாடு போட்டா 1.05 பெருக்கல் 10ன் அடுக்கு மைனஸ் 7 வரும், பிஎச் 6.98. ஏழுக்கு ஒரு மயிரிழை கீழ.

கேள்வி: பிஎச்சுல அந்த "பி" எதுக்கு?

1909ல கோபன்ஹேகன்ல இருந்த கார்ல்ஸ்பெர்க் லேப்ல சோரென்சென்னு ஒரு வேதியியல்காரர் இந்த அளவுகோலை கொண்டு வந்தார். என்ஸைம் வேலையில புரோட்டான் அளவு முக்கியம், ஒவ்வொரு தடவையும் அத்தனை சைபர் எழுத அவருக்கு கை வலிச்சிருக்கும் போல. "பி"ன்னா ஜெர்மன்ல அடுக்கு, பிரெஞ்சுல அடுக்குன்னு ஆளாளுக்கு விளக்கம் சொல்லுவாங்க, அவர் தெளிவா சொல்லாம போயிட்டதால இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு. பரீட்சைக்கு "மைனஸ் லாக்"னு வச்சுக்கோங்க, போதும். பிஎச் மைனஸ்ல போகுமான்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார், போகும், அடர்த்தியான ஆசிட்ல தாராளமா போகும். 0ல இருந்து 14ங்கறது எந்த சட்டமும் இல்ல.

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவி. ட்ரிஸ் பஃபர் பிஎச் 8.0க்கு கரெக்டா செட் பண்ணி கோல்டு ரூம்ல வச்சேன். மறுநாள் அங்கயே மீட்டர் வச்சுப் பாத்தா 8.6. பாட்டிலை யாரோ தொட்டுட்டாங்களா, மீட்டர் சரியில்லையா?

யாரையும் சந்தேகப்படாதீங்க, ட்ரிஸ்ஸோட குணமே அது. ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் அதோட பிகேஏ (ஜோடி ரெண்டும் சம அளவுல இருக்கும்போது வர்ற பிஎச்) சுமார் 0.028 ஏறும். 25 டிகிரில செட் பண்ணி 4 டிகிரிக்கு கொண்டு போனா 21 பெருக்கல் 0.028, கிட்டத்தட்ட 0.6. உங்க 8.6 வந்துடுச்சா? மீட்டர் ஒழுங்கா வேலை செய்யுது. எந்த வெப்பநிலையில உபயோகிக்கப் போறீங்களோ அதே வெப்பநிலையில வச்சு செட் பண்ணுங்க, அது ஒண்ணுதான் வழி. பாஸ்பேட் இந்த விஷயத்துல ரொம்ப சமர்த்து, சூட்டுக்கு அதிகம் அசையாது, ஆனா கால்சியம், மெக்னீசியம் பக்கத்துல வந்தா வீழ்படிவாகி பாட்டில் அடியில வெள்ளையா உக்காந்துக்கும். ஒண்ணு நல்லா இருந்தா இன்னொண்ணு இடிக்கும். இதுக்காகவே நார்மன் குட்னு ஒருத்தர் கூட்டாளிகளோட சேர்ந்து 1966ல ஹெப்பஸ், மெஸ், பைப்ஸ்னு ஒரு பட்டாளத்தையே வெளியிட்டார், உயிரியல் லேப்ல இன்னைக்கும் அதுங்க ராஜ்ஜியம்தான்.

பாஸ்பேட்டுன்னதும் என் பழைய கூத்து ஒண்ணு ஞாபகம் வருது. வேலைக்கு சேந்த புதுசு. 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 6.8 வேணும். பாஸ்பேட்டோட ரெண்டாவது பிகேஏ புக்ல 7.2, ஆனா இந்த அடர்த்தியில 6.8 பக்கம் இறங்கிடும், அதனால டைசோடியம் உப்பும் (புரோட்டான் வாங்கறது) மோனோசோடியம் உப்பும் (குடுக்கறது) சம மோல் போட்டா அங்கயே வந்து நிக்கணும். நிறுத்துப் போட்டேன், கலக்கினேன், மீட்டரை வச்சேன், 6.4. எலக்ட்ரோடை கழுவினேன், 6.4. மீட்டரை 4க்கும் 7க்கும் திரும்ப கேலிபிரேட் பண்ணினேன், 6.4. சாயங்காலம் வரைக்கும் எலக்ட்ரோடை திட்டிட்டே இருந்தேன். அந்த வழியா போன சீனியர் அண்ணன் ஒருத்தர் ஒண்ணும் பேசாம டைசோடியம் டப்பாவை எடுத்து லேபிள் பக்கமா என் மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சுட்டு போயிட்டார். "டோடெக்கா ஹைட்ரேட்"னு இருக்கு. உப்போட ஒட்டிக்கிட்டு 12 தண்ணி மூலக்கூறு, மோலுக்கு 358 கிராம், நான் போட்டதோ தண்ணி இல்லாத உப்புக்கான கணக்கு, 142 கிராம். அதாவது நூறு போட வேண்டிய இடத்துல நாப்பதுதான் போட்டிருக்கேன். 0.4க்கு லாக் எடுத்துப் பாருங்க, மைனஸ் 0.4. 6.8ல 0.4 போனா 6.4. மீட்டர் காலையில இருந்து உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு, கேக்கத்தான் ஆள் இல்ல.

இதுல பல பேர் பண்ற அடுத்த தப்பு, பிஎச் குறைவா வந்தா கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நம்பரை 6.8க்கு இழுத்துட்டு "சரியாப் போச்சு"ன்னு எழுதி வச்சுக்கறது. நம்பர் சரியாயிடும், ஆனா மொத்த பாஸ்பேட் 0.1க்கு பதிலா 0.07 ஆகி நிக்கும், திறன் குறைஞ்சு போய் நடு எக்ஸ்பெரிமென்ட்ல காலை வாரும். அதனால நம்பர் வரலைன்னா முதல்ல டப்பாவைப் பாருங்க, அப்புறம் பைப்பெட்டை எடுங்க.

கேள்வி: ரத்தம் பஃபர்னு எழுதினீங்க. கார்பானிக் ஆசிட்டோட பிகேஏ 6.1, ரத்தம் 7.4. பிகேஏவுக்கு ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, அந்த எல்லைக்குள்ளதான் பஃபர் வேலை செய்யும்னு படிச்சோம். 1.3 தள்ளி இருக்கே, இது எப்படி நல்ல பஃபர்? (இளங்கலை வேதியியல் மாணவர்)

வந்ததுலயே எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, மூடி போட்ட பாட்டில்ல இது ஒரு மட்டமான பஃபர்.

கணக்கு பாப்போம். ரத்தத்துல பைகார்பனேட் (ஜோடியில வாங்கற ஆள்) லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடு (கார்பானிக் ஆசிட் இடத்துல இதைத்தான் கணக்குல எடுக்கறோம்) 1.2 மில்லிமோல். விகிதம் 20, லாக் 1.3, 6.1ஓட கூட்டினா 7.4. இப்ப லிட்டருக்கு 5 மில்லிமோல் ஆசிட் உள்ள வருதுன்னு வைங்க. மூடின பாட்டிலா இருந்தா பைகார்பனேட் 19, கார்பன் டை ஆக்சைடு 6.2, விகிதம் 3, பிஎச் 6.6. ஆள் காலி.

ஆனா உடம்பு மூடின பாட்டில் இல்லையே, நுரையீரல்னு ஒரு ஜன்னல் எப்பவும் திறந்தே இருக்கு. ஆசிட் பைகார்பனேட்டோட சேந்து உண்டான அந்த எக்ஸ்ட்ரா கார்பன் டை ஆக்சைடு அப்படியே மூச்சுல வெளிய போயிடும். அது 1.2லயே நின்னா 19க்கு 1.2, பிஎச் 7.30. அதோட விடாது, ஆசிட் கூடினதை மூளை மோப்பம் புடிச்சு மூச்சை இன்னும் கொஞ்சம் வேகப்படுத்தும், கார்பன் டை ஆக்சைடு 1.0க்கு இறங்கினா பிஎச் 7.38, கிட்டத்தட்ட பழைய இடம். செலவான பைகார்பனேட்டை சிறுநீரகம் பொறுமையா, மணிக்கணக்குல நாள்கணக்குல திருப்பி நிரப்பும். ஹீமோகுளோபின், மத்த புரதம், பாஸ்பேட் எல்லாம் வேற கை குடுக்குது, நான் கணக்கு எளிமையா இருக்கட்டும்னு அதெல்லாம் விட்டுட்டேன்.

இதை முதல்ல புரிஞ்சுக்கிட்டவர் அமெரிக்காவுல இருந்த லாரன்ஸ் ஹெண்டர்சன், 1908ல சமன்பாட்டை எழுதினார். டென்மார்க்கைச் சேர்ந்த ஹாசல்பால்க் 1916ல அதை சோரென்சென்னோட பிஎச் மொழியில லாக் வச்சு மாத்தி எழுதினார். நீங்க மனப்பாடம் பண்ற ஹெண்டர்சன் ஹாசல்பால்க் சமன்பாடு பொறந்தது ரத்தத்தைப் பத்தி யோசிச்சவங்க கையிலதான், அசிட்டேட் பாட்டில் எல்லாம் பின்னாடி வந்த விஷயம்.

கேள்வி: பயம், பதட்டம் வந்தா எனக்கு மூச்சு வேகமா வாங்கும், உடனே விரல் நுனி, உதடெல்லாம் மரத்துப் போய் ஊசி குத்தற மாதிரி ஆகும். டாக்டர் "கார்பன் டை ஆக்சைடு குறையுது, ஒண்ணும் இல்ல"ன்னார். அதுக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம்? (பெயர் வேண்டாம்னு கேட்டவர்)

மேல சொன்ன கணக்கையே இந்தப் பக்கமா திருப்பிப் போடுங்க. உடம்புல ஆசிட் எதுவும் கூடலை, ஆனா நீங்க ஜன்னல் வழியா கார்பன் டை ஆக்சைடை வேகவேகமா வெளிய தள்றீங்க. அது பாதியா குறைஞ்சா ரத்த பிஎச் 7.6 பக்கம் போயிடும். அப்ப ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதம் தன்கிட்ட இருக்கற புரோட்டானை விடும், இதுவும் பஃபர் வேலைதான், ஆனா புரோட்டான் எழுந்து போன காலி இடத்துல கால்சியம் அயனி வந்து உக்காந்துக்கும். தனியா சுத்தற கால்சியம் குறைஞ்சா நரம்பு லேசா தொட்டாலே துள்ளும், அதான் அந்த ஊசி குத்தல். மூச்சு மெல்ல மெல்ல நிதானமானா கார்பன் டை ஆக்சைடு தன்னால ஏறி எல்லாம் பழைய நிலைக்கு வந்துடும். உங்களை டாக்டர் பாத்துட்டார், சரி. இதைப் படிக்கற வேற யாருக்காவது முதல் தடவையா இப்படி வந்தா, கூடவே நெஞ்சு வலியும் இருந்தா, கெமிஸ்ட்ரி பேசிட்டு உக்காராம டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: பிஎச் 9 இருக்கற ஆல்கலைன் வாட்டர் குடிச்சா உடம்புல இருக்கற அமிலத்தன்மை போயிடும்ங்கறாங்களே? (கிட்டத்தட்ட ஒரே கேள்வியை 14 பேர் கேட்டிருக்காங்க)

பிஎச் 9ன்னா ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 0.01 மில்லிமோல். வயித்துல இருக்கற சாறு பிஎச் 2ன்னு வச்சுக்கிட்டா அதுல ஆசிட் லிட்டருக்கு 10 மில்லிமோல். ஆயிரம் மடங்கு. அதாவது நீங்க குடிச்ச ஒரு லிட்டர் தண்ணியில இருக்கற ஹைட்ராக்சைடு மொத்தத்தையும் முடிக்க உங்க வயித்துச் சாறு ஒரே ஒரு மில்லி போதும். தண்ணியில பைகார்பனேட் கரைஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் கூடுதலா செலவாகும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அதையும் தாண்டி ஏதாவது ரத்தத்துக்குள்ள போனா நுரையீரலும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் நடுவுல புடிச்சு நிறுத்திடும், உங்க ரத்த பிஎச் நிஜமாவே அந்த எல்லையை விட்டு நகர்ந்தா நீங்க இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

பிஎச்ங்கறது அடர்த்தியைத்தான் சொல்லும், கையிருப்பை சொல்லாது. இந்த வியாபாரமே அந்த ரெண்டையும் போட்டு குழப்பறதுலதான் ஓடுது. 9ங்கற நம்பரைப் பாத்து மயங்காம, எத்தனை மோல்னு கேளுங்க. தாகத்துக்கு வேணும்னா குடிங்க, தண்ணி தண்ணிதான். சிறுநீரகத்துல பிரச்சினை இருக்கறவங்க மட்டும் டாக்டரை கேக்காம எதையும் ஆரம்பிக்காதீங்க.

கேள்வி: மீன் தொட்டியில ஒரு வருஷமா தண்ணியே மாத்தலை, ஆவியானதுக்கு மட்டும் ஊத்துவேன், மீன்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. போன வாரம் பாவம்னு பாதி தண்ணிய மாத்தினேன், அன்னைக்கு ராத்திரியே அஞ்சு மீன் செத்துடுச்சு. நல்லது பண்ணப் போய் ஏன் இப்படி?

படிக்கவே கஷ்டமா இருக்குங்க. உங்க தொட்டியில நடந்தது அநேகமா இதுதான், பஃபர் தீந்து போன கதை. மீன் கழிவுல இருந்து அம்மோனியா வருது, அதை பாக்டீரியா நைட்ரேட்டா மாத்துது, அப்படி மாத்தும்போது ஒவ்வொரு அம்மோனியத்துக்கும் ரெண்டு புரோட்டான் வெளிய விழும். அதை தாங்கறது தண்ணியில இருக்கற பைகார்பனேட். மீன் வளக்கறவங்க கேஎச்னு சொல்லி கிட் வச்சு அளக்கறாங்களே, அதேதான். ஆவியான தண்ணிக்கு மட்டும் ஈடு கட்டிட்டு இருந்தா தீர தீர சேக்க போதுமான பைகார்பனேட் வராது, மாசக்கணக்கா கரைஞ்சுட்டே போகும். பிஎச் ஆனா பெருசா அசைஞ்சிருக்காது, ஏன்னா பஃபர் இருக்கற வரைக்கும் காட்டிக் குடுக்காது! ஒரு நாள் கையிருப்பு முடியும், பிஎச் தடால்னு 6க்கும் கீழ விழும்.

அங்க விழுந்ததும் பாக்டீரியா மந்தமாகும், கழிவு சேர ஆரம்பிக்கும். ஆனா மீன் சாகாது, ஏன்னா அந்த பிஎச்சுல அது கிட்டத்தட்ட முழுக்க அம்மோனியம் அயனியா இருக்கும், அது அவ்ளோ விஷம் இல்ல. அம்மோனியத்தோட பிகேஏ 9.25, பிஎச் 6ல பத்தாயிரத்துல 6 பங்குதான் அம்மோனியா. நீங்க புதுத் தண்ணி ஊத்தினதும் பிஎச் 8க்கு ஏறியிருக்கும், 8ல அது நூத்துக்கு 5 பங்கு ஆகும். கழிவுல பாதியை நீங்க வெளிய எடுத்திருந்தாலும், மிச்சத்துல விஷ அம்மோனியா பங்கு கிட்டத்தட்ட நூறு மடங்கு ஏறிடுச்சு. கூடவே பிஎச் ஒரே நாள்ல ரெண்டு தாவினதே மீனுக்கு தனி அதிர்ச்சி.

இனிமே வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, பிஎச் மட்டும் பாக்காம கேஎச்சும் பாருங்க. ரொம்ப நாள் விட்ட தொட்டியா இருந்தா முதல்ல அம்மோனியா டெஸ்ட், அப்புறம் தினம் ஒரு சின்ன குவளை அளவு மாத்தறது, அவசரமே வேண்டாம்.

கேள்வி: லேப்ல கையில ஆசிட் பட்டா உடனே காரம் ஊத்தி நியூட்ரல் பண்ணிடலாம்தானே?

வேண்டவே வேண்டாம். நடுநிலையாக்கல் சூடு கிளப்பும், ஆசிட் சுட்டது போதாதுன்னு அந்த சூடும் சேர்ந்துக்கும், காரம் கொஞ்சம் கூடிட்டா அது தோலை ஆசிட்டை விட ஆழமா அரிச்சுட்டுப் போகும். ஓடற தண்ணி, நிறைய தண்ணி, இருபது நிமிஷமாவது, நனைஞ்ச துணியை கழட்டிட்டு. கண்ணுல பட்டா இதையேதான், கழுவிட்டே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணுங்க.

கேள்வி: புதுசா வாங்கின பிஎச் மீட்டர். டிஸ்டில்டு வாட்டர்ல வச்சா 7 காட்டணும்தானே? 5.7 காட்டுது, அதுவும் நிக்காம ஆடுது. திருப்பி குடுத்துடலாமா?

குடுத்துடாதீங்க. திறந்து வச்ச டிஸ்டில்டு வாட்டர் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கும், அப்ப அதோட பிஎச் 5.6 பக்கம்தான் இருக்கும். ஒரு சொட்டு ஆசிட்டையும் தாங்க அதுல ஆள் கிடையாதுன்னு மேல பாத்தோமே, காத்துல இருக்கற அந்த துளியூண்டு வாயுவே அதை இழுத்துட்டுப் போயிடுது. ஆடறதுக்கு காரணம் வேற, அதுல அயனியே கிட்டத்தட்ட இல்ல, மின்சாரம் கடக்க வழியில்லாம எலக்ட்ரோடு தடுமாறுது. மீட்டர் சரியான்னு பாக்கணும்னா 4.01, 7.00 பஃபர் பாக்கெட் வாங்கி கரைச்சு அதுல வச்சுப் பாருங்க. அப்புறம் ஒண்ணு, வேலை முடிஞ்சதும் எலக்ட்ரோடை அந்த டிஸ்டில்டு வாட்டர்லயே ஊறப் போட்டு வைக்கறீங்கன்னு உங்க கடிதத்துலயே எழுதியிருக்கீங்க, அதை இன்னைக்கே நிறுத்துங்க. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல மூக்கு நனையற மாதிரி வைங்க, இல்லைன்னா ஆறு மாசத்துல நிஜமாவே திருப்பிக் குடுக்க வேண்டி வரும், அப்ப கடைக்காரர் வாங்க மாட்டார்.